வீட்டுப் பூச்செடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்கு வெளியே எங்கள் வீட்டு வாசலில் நாலடி அகலத்துக்கு மண் இருக்கிறது, மாடியில் முப்பது தொட்டிக்கு மேல் இருக்கிறது. எல்லாம் நம் வெக்கைக்குப் பழகிய பூக்கள்: மல்லி, முல்லை, செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, கனகாம்பரம், காகிதப்பூ. பதியன் (வேர் பிடிக்க வைத்த கிளை) வாங்கிப் போகிறவர்கள், தெருவில் நின்று பார்க்கிறவர்கள், ஊரிலிருந்து போன் செய்யும் சொந்தக்காரர்கள் கேட்டதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். பாதிக் கேள்விகள் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வரும்: செடி தளதளவென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை. அதற்கு நான் முதலில் பார்ப்பது வெயில், அடுத்தது கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. உரம் அதற்கப்புறம்தான்.

மல்லி வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. கொடி மாதிரி நீளமாக ஓடுகிறது, பத்துப் பூகூடத் தேறவில்லை. என்ன செய்வது?

வெட்டுங்கள். பயப்படாமல் வெட்டுங்கள்.

மல்லி பழைய கிளையில் பூக்காது. புதிதாக விடும் துளிரின் நுனியில்தான், பெரும்பாலும் மூன்று மூன்றாக, மொட்டு வைக்கும். எத்தனை புதுத் துளிரோ அத்தனை கொத்து. நீளமாக ஓடும் செடியில் நுனி ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதனால் பூவும் அவ்வளவுதான். அதே கிளையை வெட்டிவிட்டால் வெட்டுக்குக் கீழே உள்ள கணுக்களிலிருந்து இரண்டிரண்டு துளிர் கிளம்பும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்குச் சொல்லும் கணக்கு இது. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு. ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம், 45 சென்டிமீட்டர். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம், அதே 45. வீட்டுச் செடிக்கு அளவுகோல் தேட வேண்டியதில்லை, மண்ணிலிருந்து ஒரு முழம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். காய்ந்த குச்சி, உள்பக்கமாக வளர்ந்து ஒன்றோடொன்று உரசும் கிளை, இரண்டையும் முதலில் எடுத்துவிடுங்கள். மிச்சக் கிளைகளைக் கணுவுக்கு மேலே கால் அங்குலம் விட்டுச் சாய்வாக வெட்டி, ஒட்டியிருக்கும் இலைகளையும் உருவிவிடுங்கள். மேல்மண்ணைக் கிளறி இரண்டு கை மண்புழு உரமும் ஒரு கை வேப்பம்புண்ணாக்கும் போட்டுத் தண்ணீர் விடுங்கள். அன்றைக்குச் செடியைப் பார்த்தால் மனசு கஷ்டமாகத்தான் இருக்கும், வெறும் குச்சிகள் நிற்கும். மூன்று வாரத்துக்குள் கணுக்களில் அரிசி அளவுக்குப் பச்சை முளைப்பதைப் பார்ப்பீர்கள்.

முதல் வருடம் எனக்கு வெட்ட மனசு வரவில்லை. நுனியை மட்டும் கிள்ளி வைத்தேன். பக்கத்தில் இருந்த இன்னொரு செடியை எங்கள் அத்தை முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக வெட்டிவிட்டார். எனக்கு அழுகை வராத குறை. பங்குனியில் அத்தை வெட்டிய செடியில் தினம் ஒரு கைப்பிடி மொட்டு, என்னுடையதில் நாலைந்து. ஒரே மண், ஒரே வெயில், ஒரே நாளில் வைத்த செடிகள்.

பெரிய கவாத்து வருடத்துக்கு ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு சுற்றுப் பூ முடிந்ததும், பூத்த நுனியிலிருந்து இரண்டு கணு கீழே கிள்ளிவிட்டால் அடுத்த சுற்று சீக்கிரம் வரும். மார்ச்சிலிருந்து ஜூலை வரை இப்படியே ஓட்டலாம். ஜூன், ஜூலையில் இன்னொரு தடவை உரம் வையுங்கள்.

மார்கழி, தையில் மல்லி ஏன் பூப்பதே இல்லை?

குளிரும் பனியும் அதற்கு ஆகாது. அந்த மாதங்களில் துளிர் விடுவதே குறைவு, வந்த மொட்டும் சிறுத்துப்போகும். பொங்கல் சமயத்தில் மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மல்லி விலை எங்கோ போய் நிற்பது இதனால்தான். அந்த நேரத்தில் உரத்தைக் கொட்டி செடியைத் தொந்தரவு செய்யாதீர்கள். கவாத்து செய்துவிட்டுக் காத்திருங்கள்.

மதுரை மல்லி என்று கேட்டு வாங்கினால் மதுரை மல்லி கிடைக்குமா?

2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது இந்த வட்டாரத்தில் விளையும் பூவுக்கான பெயர். செடி என்று பார்த்தால் பெரும்பாலும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து, முக்கியமாக ராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்திலிருந்து வரும் குண்டுமல்லிப் பதியன்தான். அந்த மணல்மண்ணில் வேர் பிடிக்க வைத்து, கட்டுக்கட்டாக ஊரெல்லாம் அனுப்புகிறார்கள். வாங்கும்போது பெயரைவிட வேரைப் பாருங்கள். பையின் அடியில் வெள்ளை வேர் தெரிந்தால் நல்ல செடி. கறுத்து, பிசுபிசுவென்று இருந்தால் வேண்டாம். பூவோடு நிற்கும் செடியைவிடக் கீழிருந்தே மூன்று நாலு கிளை பிரிந்த குட்டைச் செடி நல்லது.

எந்தச் செடிக்கு எவ்வளவு வெயில்?

மல்லி, முல்லை, செம்பருத்தி, இட்லிப்பூ, காகிதப்பூ, அரளி, அடீனியம் எல்லாவற்றுக்கும் நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். ‘வெளிச்சம் நன்றாக வருகிறது’ என்பது வேறு, வெயில் படுவது வேறு. செடி வைக்கும் இடத்தில் காலை எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு மணிக்குப் போய் உங்கள் நிழல் தெளிவாக விழுகிறதா என்று பாருங்கள். நாலு தடவையாவது விழுந்தால் அங்கே மல்லி வரும்.

நந்தியாவட்டையும் பவழமல்லியும் அரைநாள் வெயிலில் சமாளிக்கும். கனகாம்பரம் கொஞ்சம் நிழலை விரும்பும்.

எங்கள் பால்கனியில் காலை வெயில் இரண்டு மணி நேரம்தான். என்ன வைக்கலாம்?

கனகாம்பரம், காசித்தும்பை. ஈரக்காற்று உள்ள கடலோர ஊராக இருந்தால் ஆந்தூரியமும் டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டும் நன்றாக வரும். ஆர்க்கிட்டுக்கு மண் கூடாது. அடுப்புக்கரி, ஓட்டுச்சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு இவற்றில் உட்கார வைத்து, தினம் தண்ணீர் தெளித்தால் போதும். மல்லியை மட்டும் அங்கே வைக்காதீர்கள், இலையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

தொட்டிக்கு மண் எப்படிக் கலப்பது?

செம்மண் இரண்டு பங்கு, மக்கிய மாட்டு எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தண்ணீர் இறங்குவதற்கு ஆற்று மணலோ கோகோபீட்டோ (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு. தொட்டிக்கு ஒரு கை வேப்பம்புண்ணாக்கு. கோகோபீட் வாங்கினால் இரண்டு தடவை ஊற வைத்துப் பிழிந்துவிட்டுப் போடுங்கள், அதில் உப்பு இருக்கும். மக்காத எருவைப் போட்டால் சூட்டில் வேர் கருகிவிடும். எரு மண்வாசனை அடிக்க வேண்டும், சாணி வாசனை அடிக்கக் கூடாது.

மல்லிக்கு 12 முதல் 15 அங்குலத் தொட்டி, செம்பருத்திக்கு அதைவிடப் பெரியது. மாடியில் வைப்பவர்கள் கனத்தையும் பார்க்க வேண்டும். 50 லிட்டர் தொட்டியில் செம்மண் மட்டும் நிரப்பித் தண்ணீரும் விட்டால் எழுபது கிலோவைத் தாண்டும். பெரிய தொட்டிகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவர் அல்லது உத்திரம் வரும் ஓரமாக வைப்பதுதான் சரி.

தினமும் தண்ணீர் ஊற்றலாமா?

விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் வேண்டாம். சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டிக்குக் காலை மாலை இரண்டு வேளை தேவைப்படும், ஐப்பசியில் ஒரு வாரம் தொடவே வேண்டியிருக்காது. வெயில் காலத்தில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் வெளிப்பக்கம் கை வைக்க முடியாத சூடாகிவிடும், வேர் அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. தொட்டிகளை நெருக்கி வைத்து ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழும்படி செய்யுங்கள். மண்மேல் தேங்காய் நாரோ காய்ந்த இலையோ மூடாக்குப் போடுங்கள். மதியத்தில் இலை வாடித் தொங்குவதைப் பார்த்து உடனே தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். மாலையில் தானாக நிமிர்ந்தால் அது சூட்டில் வந்த வாட்டம், தண்ணீர்க் குறை இல்லை.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் அதில் தேங்கும் தண்ணீரை வாரத்துக்கு ஒரு தடவையாவது கொட்டிவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசுவுக்கு அந்தத் தட்டு போதும்.

இட்லிப்பூச் செடியின் இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. உரம் வைத்தும் மாறவில்லை.

இளம் இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மஞ்சள் துணியில் பச்சை நூலால் வலை பின்னிய மாதிரி இருந்தால் அது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, வேரால் அதை எடுக்க முடியவில்லை. நம் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். ஊற்ற ஊற்ற மண்ணில் காரத்தன்மை கூடிக்கொண்டே போகும், கார மண்ணில் இரும்பு கரையாது. சிமென்ட் சுவரை ஒட்டி வைத்த செடிக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

உரக்கடையில் பெரஸ் சல்பேட் என்றும் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்றும் கேளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதோடு கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, நன்றாகக் கலக்கி வெயில் தாழ்ந்தபின் இலை நனையத் தெளியுங்கள். மாதம் ஒரு தடவை, பச்சை திரும்பும்வரை. மல்லி இலைக்கும் இதே கணக்குத்தான். தரையில் சிந்தினால் துருக்கறை போகவே போகாது, பழைய சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்க முடிந்தால் இட்லிப்பூவுக்கு முதலில் கொடுங்கள்.

சங்கப் பாட்டுகளில் வரும் வெட்சி இந்தச் செடிதான். ஆநிரை கவரப் போகும் வீரர்கள் சூடிய பூ. தென்னிந்தியாவும் இலங்கையும் இதற்குச் சொந்த மண். கன்னியாகுமரி, கேரளப் பக்கம் புளிப்பான செம்மண்ணில் வேலியாகவே செழித்து நிற்கும். அங்கே பார்த்துவிட்டு வந்து நம் வீட்டில் மட்டும் ஏன் வரவில்லை என்று வருத்தப்படாதீர்கள், வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது.

செம்பருத்தியில் மொட்டு வருகிறது, மஞ்சளாகி விழுந்துவிடுகிறது.

விழுந்த மொட்டு ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் வைத்து நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளையாக, எள்ளைவிடச் சின்னதாகப் புழுக்கள் நெளிந்தால், சில சமயம் துள்ளவும் செய்யும், அது மொட்டு ஈயின் புழு. மல்லி மொட்டு உருண்டு தடித்து ரோஸ் நிறமாகிப் பூக்காமல் போவதும் இதனால்தான். மொட்டு விழுந்ததும் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாக மேலே வரும். ஆகவே மருந்தைவிட முக்கியம், விழுந்த மொட்டை அன்றன்றைக்குப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவது. மூன்று வாரம் விடாமல் செய்யுங்கள். மேல்மண்ணைக் கிளறி வேப்பம்புண்ணாக்கும் போடுங்கள்.

புழு இல்லையென்றால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் ஒரு குடம் ஊற்றினால் செம்பருத்தி மொட்டை உதிர்த்துவிடும்.

பூ ஒரே நாளில் வாடுகிறதே என்று சிலர் கவலைப்படுகிறார்கள். அதன் இயல்பே அதுதான்.

மாவுப்பூச்சி போகவே மாட்டேன் என்கிறது.

முதலில் எறும்பைப் பாருங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்புதான் அதைக் காவல் காக்கிறது, துளிருக்குத் துளிர் தூக்கிக்கொண்டும் போகிறது. எறும்பு ஏறும் வழியை அடைக்காமல் மருந்தடித்துப் பயன் இல்லை. அதிகம் மொய்த்த நுனிகளை வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மிச்சத்தை ஓஸ் பைப்பில் வேகமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் குழைத்துத் தண்ணீரில் கலந்து, வாரம் ஒரு தடவை, இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள்.

கடுமையான பூச்சிமருந்து வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2008-இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரியோடு வீட்டுச் செம்பருத்தியையும் வெள்ளையாக மூடியது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது, கடுகைவிடச் சின்னப் பூச்சி. விஷமருந்து அடித்தால் முதலில் சாவது அந்த மாதிரி நல்ல பூச்சிகள்தான்.

காகிதப்பூச் செடி இலையாகவே வளர்கிறது.

நன்றாகக் கவனிக்கிறீர்கள், அதுதான் காரணம். நான்குவழிச் சாலைகளின் நடுவே யாரும் கவனிக்காமல் நிற்கும் காகிதப்பூ எப்படிப் பூக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். தென் அமெரிக்கச் செடி, மண் கொஞ்சம் காய்ந்தால்தான் பூக்கும். இலை லேசாகச் சுருளும்வரை தண்ணீரை நிறுத்துங்கள், பிறகு கொஞ்சம் விடுங்கள், மறுபடி நிறுத்துங்கள். பெரிய தொட்டிக்கு மாற்றாதீர்கள், வேர் நெருக்கமாக இருக்கட்டும். முழு வெயிலில் வைத்து, நீண்ட கிளைகளைப் பாதியாக வெட்டுங்கள். நிறமாகத் தெரிவது பூ இல்லை, பூவைச் சுற்றிய இலை. நடுவில் தீக்குச்சித் தலை மாதிரி வெள்ளையாக இருப்பதுதான் பூ.

கனகாம்பரத்தில் விதை எடுக்கலாமா?

நாட்டு ரகத்தில் எடுக்கலாம். காய்ந்த கதிரில் தண்ணீர் பட்டால் காய் படீரென்று வெடித்து விதை சிதறும், அதனால் மழைக்கு முன்பே கதிரைப் பறித்துவிடுங்கள். டெல்லி கனகாம்பரத்தில் விதை பிடிக்காது, குச்சிதான் வைக்க வேண்டும். செடி காரணமில்லாமல் சோர்ந்தால் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்த மண்ணில் திரும்பக் கனகாம்பரமோ கத்தரியோ தக்காளியோ வைக்காதீர்கள், ஒரு பருவம் செண்டுமல்லி போடுங்கள்.

நந்தியாவட்டையில் ஒரே இரவில் இலையெல்லாம் காணோம்.

தரையில் மிளகு மிளகாகக் கழிவு கிடக்கிறதா? நேர் மேலே பாருங்கள். விரல் தடிமனில், இலை நிறத்திலேயே ஒரு புழு இருக்கும். தொட்டால் தலையை உள்ளே இழுத்து, கழுத்துப் பக்கம் நீலக் கண் மாதிரி இரண்டு வட்டங்களைக் காட்டும். கடிக்காது, கொட்டாது. அழகான ஒரு பச்சை அந்திப்பூச்சியின் குழந்தை அது. நான் கையால் எடுத்து வாசலில் உள்ள பெரிய செடிக்கு மாற்றிவிடுவேன். நந்தியாவட்டை இரண்டு வாரத்தில் துளிர்த்துவிடும், மருந்து தேவையில்லை.

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அரளி வைக்கலாமா?

வேண்டாம். வேர், இலை, பூ, பால், எல்லாமே விஷம். மஞ்சள் அரளியின் கொட்டை இன்னும் ஆபத்து. 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தியதும் இந்தப் பயத்தால்தான். ஏற்கனவே மரமாக இருந்தால் கையுறை போட்டு வெட்டுங்கள், குச்சிகளை எரிக்காதீர்கள், புகையும் ஆகாது. ஆடு மாடு மேயும் இடத்திலும் போடாதீர்கள். அடீனியத்தின் பாலும் விஷம்தான், கிள்ளிய கையைக் கழுவுங்கள். சாமிக்குச் செவ்வரளிதான் வேண்டும் என்றால் பூக்கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் செடி அழுகிப்போகிறது.

அடீனியத்தை மட்டும் மழை படாத இடத்துக்கு நகர்த்திவிடுங்கள், அதன் தண்டு மெத்தென்று ஆனால் பிழைக்காது. மற்றவற்றுக்கு அடித்துளை திறந்திருந்தால் போதும். ஒரு அடைமழையில் எங்கள் வீட்டு முல்லை போனது. தொட்டியைச் சாய்த்தபோது தண்ணீர் வரவில்லை, துளையை அதன் வேரே பின்னி அடைத்திருந்தது. அதிலிருந்து புரட்டாசியில் எல்லாத் தொட்டியின் துளையிலும் ஒரு குச்சியை விட்டுக் குத்திவிடுகிறேன். தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைப்பதும் நல்லது.

அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், முட்டை ஓடு போடலாமா?

அரிசித் தண்ணீர் ஊற்றலாம். சர்க்கரையும் பாலும் போகக் கழுவிய டீத்தூள் போடலாம். முட்டை ஓடு மக்க ரொம்பக் காலம் ஆகும், அதை நம்பி இருக்காதீர்கள். பஞ்சகவ்யம் கிடைத்தால் லிட்டருக்கு 30 மில்லி கலந்து பதினைந்து நாளுக்கு ஒரு தடவை தெளியுங்கள், மல்லிக்கு நன்றாக வேலை செய்கிறது. கடலைப்புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீரில் கலந்து வேரில் ஊற்றலாம். யூரியா வேண்டாம். இலைதான் கொழுக்கும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் கூடவே வரும்.

வீட்டு மல்லியை எப்போது பறிப்பது?

வியாபாரத்துக்குப் பறிப்பவர்கள் விடியுமுன்னே பறித்துவிடுவார்கள், சந்தைக்குப் போக வேண்டும். வீட்டுக்கு அந்த அவசரம் இல்லை. மாலை நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள். பச்சை மறைந்து, பால் வெள்ளையாகப் பருத்த மொட்டு அன்று இரவு மலரும். பச்சை ஓடிய மொட்டு நாளைக்கு. காம்போடு கிள்ளி, ஈரத்துணியில் போட்டு, விளக்கு வைப்பதற்குள் கட்டிவிடுங்கள். ஏழு மணிக்கு வீடு முழுக்க வாசம் வந்துவிடும்.